பத்து நாட்கள் இருதயத்தைப் படித்தோம்



எங்கள் மருத்துவமனையிலிருந்து ஒரு மருத்துவரும் மூன்று நர்சுகளுமாக நாங்கள் நால்வர், இருதயத்தின் அமைப்பையும் இயக்கத்தையும் பற்றிய பத்து நாள் தீவிரப் பயிற்சிக்குச் சென்று திரும்பினோம். இதைக் கேள்விப்பட்ட சபை மூப்பர் ஒருவர், "மருந்து வாங்கத்தானே நாங்கள் காணிக்கை அனுப்புகிறோம்? படித்துப் பட்டம் வாங்கினவர்களுக்கு மறுபடியும் பள்ளிக்கூடம் எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மழுப்பாமல் பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

எங்கள் தவறு ஒன்றைச் சொல்லித்தான் பதிலைத் தொடங்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரை மாட்டுவண்டிப் பாதை மட்டுமே உள்ள ஒரு கிராமத்திலிருந்து கொண்டுவந்தார்கள். மூச்சு வாங்கியது, இருமல் இருந்தது, படுக்க முடியவில்லை. "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்று வீட்டில் நான்கு நாட்கள் வைத்திருந்தார்களாம். நாங்களும் அதை இளைப்பு என்றே எண்ணினோம். சோர்ந்திருக்கிறாரே என்று சலைன் பாட்டிலை ஏற்றினோம். விடிவதற்குள் நிலைமை மோசமாயிற்று. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. குழந்தையும் பிழைக்கவில்லை. பிறகு அவருடைய தாயார் ஒரு பழைய மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். சிறுவயதில் மூட்டுவீக்கத்தோடு காய்ச்சல் வந்ததென்றும், இருதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறதென்றும் அதில் எழுதியிருந்தது.

அன்று எங்களிடம் மருந்து இருந்தது, ஆக்சிஜனும் இருந்தது. இருதயம் எப்படி வேலை செய்கிறது என்ற தெளிவுதான் போதவில்லை.

பயிற்சியின் முதல் நாள் காலையில் கறிக்கடையிலிருந்து வந்த ஆட்டு இருதயங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். மனித இருதயத்தைப்போலவே இதற்கும் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள், நான்கு வால்வுகள். வலப்பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம் உடலெங்கும் அனுப்புகிறது. இடது கீழறையின் சுவரை வெட்டிப் பார்த்தபோது, வலப்பக்கச் சுவரைவிட அது எவ்வளவு தடிமனாக இருக்கிறதென்று விரலாலேயே உணர்ந்தோம்.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கதவுக்கு மைட்ரல் வால்வு என்று பெயர். அதன் இரண்டு இதழ்களும் பிஷப்மார் அணியும் 'மைட்டர்' என்ற உயரமான தொப்பியைப்போல் இருப்பதால், 16-ஆம் நூற்றாண்டில் வெசாலியஸ் என்ற உடற்கூற்று அறிஞர் அதோடு ஒப்பிட்டார். இதழ்களின் ஓரத்திலிருந்து மெல்லிய வெள்ளை நாண்கள் கீழே இறங்கித் தசையில் பதிந்திருக்கின்றன. கீழறை சுருங்கும்போது கதவு பின்பக்கமாகத் திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்வது இவைதான்.

அடுத்து, இருதயம் துடிக்கும் முறை. வலது மேலறையின் மேற்பகுதியில் உள்ள ஒரு சிறு திசுமுடிச்சில் மின்துடிப்பு பிறக்கிறது. இதை இங்கிலாந்தில் மார்ட்டின் பிளாக் என்ற மருத்துவ மாணவர், மண்ணில் வளை தோண்டும் மோல் என்ற சிறு பிராணியின் இருதயத்தில் முதலில் கண்டார். அவரும் ஆர்தர் கீத் என்பவரும் சேர்ந்து 1907-ல் அதை வெளியிட்டார்கள். மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே உள்ள இரண்டாவது முடிச்சை, ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906-ல் விவரித்தார். அங்கே துடிப்பு சுமார் 0.1 நொடி தாமதிக்கிறது. மேலறை தன்னிடமுள்ள இரத்தத்தைக் கீழறைக்குக் கொடுத்து முடிக்க அந்தச் சிறு தாமதம் தேவை.

எங்களை விழிக்கவைத்தது நான்காம் நாள் கணக்கு. நாடி நிமிடத்திற்கு 75 என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் கீழறை சுருங்குவதற்குச் சுமார் 0.3 நொடியும், தளர்ந்து நிரம்புவதற்குச் சுமார் 0.5 நொடியும் ஆகின்றன. நாடி 120-க்கு ஏறினால் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 0.5 நொடி மட்டுமே. அப்போது சுருங்கும் நேரம் கொஞ்சம்தான் குறையும். நிரம்பும் நேரமோ ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆரோக்கியமான இருதயம் இதைச் சமாளித்துக்கொள்ளும். கதவு சுருங்கியிருந்தால்?

சிறுவர்களுக்கு ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து, சிலருக்கு மூட்டுவாதக் காய்ச்சல் வருகிறது. மூட்டு வீக்கம் வடிந்துவிடும். மைட்ரல் வால்வின் இதழ்களோ ஆண்டுக்கணக்கில் தடித்து ஒட்டிக்கொள்ளக்கூடும். வளர்ந்தவரில் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்கவேண்டிய கதவு, நோய் முற்றும்போது 1.5 அல்லது அதற்கும் கீழே போய்விடுகிறது. இப்படிப்பட்ட ஒரு பெண் கர்ப்பமானால், உடலில் இரத்த அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது, நாடியும் வேகமாகிறது. குறுகிய கதவு, கூடுதல் இரத்தம், குறைந்த நேரம்! கீழே இறங்க முடியாத இரத்தம் நுரையீரலில் தேங்கி, நீர் கசிந்து, மூச்சு திணறுகிறது. அந்த நிலையில் சலைன் ஏற்றுவது, நிரம்பி வழியும் கிணற்றில் மேலும் நீர் ஊற்றுவதற்குச் சமம். இதைக் கேட்டபோது எங்கள் நால்வருக்கும் அந்தப் பழைய இரவு நினைவுக்கு வந்தது. யாரும் பேசவில்லை.

திரும்பி வந்த சில வாரங்களில், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் அதே மாதிரி மூச்சுத்திணறலோடு இரவில் வந்தார். பணியிலிருந்த சிஸ்டர் அவரை நிமிர்ந்து உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிடச் செய்தார், ஆக்சிஜன் வைத்தார். "அம்மா, சின்ன வயசுல முட்டி வீங்கிக் காய்ச்சல்ல படுத்திருந்தீங்களா?" என்று கேட்டார். ஆமென்று தலையசைத்தார் அந்தப் பெண். சலைன் தொடங்கப்படவில்லை. மருத்துவர் வந்து, மார்பின் இடப்பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, தாழ்ந்த உருளும் சத்தத்தைக் கேட்டார். நீரை வெளியேற்றும் ஊசியும், நாடியின் வேகத்தைக் குறைக்கும் மருந்தும் கொடுக்கப்பட்டன. விடிந்தபோது அவரால் முழு வாக்கியமாகப் பேச முடிந்தது. பிறகு பெரிய மருத்துவமனையில் எக்கோ பரிசோதனை செய்து, தொடையின் இரத்தக்குழாய் வழியாகப் பலூனைச் செலுத்தி வால்வை விரித்தார்கள். இன்று தாயும் மகளும் நலம்.

முன்பு இறந்த தாய்க்கும் இவருக்கும் நாங்கள் கொடுக்கக்கூடிய மருந்துகள் பெரும்பாலும் ஒன்றே. எதை எப்போது கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கக்கூடாது என்று அறிந்திருந்ததுதான் வேற்றுமை.

இப்போது கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் எல்லாத் தாய்மாரிடமும் சிறுவயது மூட்டுக் காய்ச்சலைப் பற்றிக் கேட்கிறோம்; இடப்பக்கம் சாய்ந்து படுக்கவைத்து இருதயத்தைக் கேட்கிறோம். அந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி தவறாமல் போட ஒரு பதிவேடும் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளை தொண்டைவலிக்குப் பின் மூட்டுவீக்கத்தோடு காய்ச்சலில் படுத்தால், "வளருகிற வலி" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி கேட்ட மூப்பருக்கு எங்கள் நன்றி. நீங்கள் அனுப்பிய காணிக்கையில் ஒரு பகுதி பத்து நாள் பாடமாயிற்று. அந்தப் பாடம் இன்று பிரசவ வார்டில் இரவும் பகலும் வேலை செய்கிறது.

உங்கள் அன்புள்ள,
மருத்துவமனை ஊழியர்கள்