வண்டியின் குரல்



அமெரிக்க நாட்டுச் சிற்றூர்களில் பிக்கப் என்பது உழவருக்கும் தச்சருக்கும் உற்ற துணையான வண்டி. முன்னே இருவரோ மூவரோ அமரும் சிற்றறை. பின்னே சரக்கேற்றத் திறந்த தட்டு. பல பத்தாண்டுகள் உழைத்துக் களைத்த இத்தகைய வண்டியை வாங்கிப் புதுப்பிப்பதில் அந்நாட்டு இளைஞர்களுக்குப் பெருவிருப்பம் உண்டு. அவர்களுள் பலர் முதலில் கை வைப்பது புகைக்குழாயில்தான். வண்டி விரைந்து ஓடுவதைவிட உரத்து முழங்குவதையே அவர்கள் நாடுகிறார்கள். இயந்திரவியல் கற்பிக்கும் நான் இந்த ஆசையை எள்ளி நகையாட வரவில்லை. நல்ல எஞ்சினின் ஒலியைக் கேட்டு மகிழ்பவர்களுள் நானும் ஒருவன். எனினும், அவ்வொலி எங்கே பிறக்கிறது, எவ்வாறு அடங்குகிறது, எந்த அளவைக் கடந்தால் தீங்காகிறது என்பவற்றை அறிந்த பின்னரே கருவியைக் கையில் எடுத்தல் வேண்டும்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவி எரியும்போது பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. அதன் வேலை முடியுந்தறுவாயில் வெளியேற்று வால்வு திறக்கிறது. அப்பொழுதும் சிலிண்டருக்குள் இருக்கும் வாயு வெளிக்காற்றைவிடப் பன்மடங்கு அழுத்தம் உடையது. அடைத்த கதவு திறந்ததும் முண்டியடித்து வெளியேறும் கூட்டத்தைப் போல அது குழாய்க்குள் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஓர் அழுத்தத் துடிப்பு. துடிப்புகள் தொடர்ந்து வருவதால் நாம் ஒலியைக் கேட்கிறோம். எட்டு சிலிண்டர் கொண்ட நான்கடிப்பு எஞ்சினில் தண்டு ஒரு முறை சுழல்வதற்குள் நான்கு சிலிண்டர்கள் எரிகின்றன. ஆகவே, நிமிடத்திற்கு 600 சுழற்சி எனில் நொடிக்கு 40 துடிப்பு. 3,000 சுழற்சி எனில் 200 துடிப்பு. வேகம் கூடக்கூட வண்டியின் சுருதி ஏறுவதன் காரணம் இதுவே.

அமெரிக்க வி-8 எஞ்சினின் ஒலி மற்ற எஞ்சின்களின் ஒலியைப் போல இழைந்து வருவதில்லை. குமுறிக் குமுறி வருகிறது. ஏன்? 1955-ஆம் ஆண்டு மாதிரிகளில் ஷெவர்லே நிறுவனம் அறிமுகப்படுத்திய சிறு வி-8 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1, 8, 4, 3, 6, 5, 7, 2 என்பது. 1, 3, 5, 7 ஆகியவை இடப்புறத்திலும், 2, 4, 6, 8 ஆகியவை வலப்புறத்திலும் உள்ளன. எஞ்சின் முழுவதையும் நோக்கினால் 90 பாகைக்கு ஒன்றாகத் துடிப்புகள் ஒழுங்காகவே வருகின்றன. இடப்புறத்தை மட்டும் நோக்கினாலோ, 270, 180, 90, 180 என இடைவெளிகள் மாறுகின்றன. ஒரு சமயம் நெருங்கியும் ஒரு சமயம் விலகியும் அடிக்கும் மத்தளத்தை எண்ணிப் பாருங்கள். அந்தத் தாளமே வி-8 எஞ்சினின் தனிக்குரல்.

இக்குரலை அடக்குவது சைலன்சர். அது இருவகைப்படும். முதல் வகையில் பெட்டியைப் பல அறைகளாகத் தடுத்திருப்பார்கள். துடிப்புகள் சுவர்களில் மோதித் திரும்பி, பின்வரும் துடிப்புகளோடு எதிர்ப்பட்டு ஒன்றையொன்று அழிக்கின்றன. இரண்டாம் வகையில் துளைகள் நிறைந்த குழாய் ஒன்று நேராக ஓடும். அதைச் சுற்றிக் கண்ணாடி நார் அடைத்திருக்கும். ஒலியின் ஆற்றல் அந்நாருக்குள் புகுந்து வெப்பமாக மாறுகிறது. இவ்வகை உயர்ந்த சுருதிகளை நன்றாக விழுங்கும். தாழ்ந்த முழக்கத்தைப் பெரிதும் விட்டுவிடும். முழக்கத்தை விரும்புவோர் முதல் வகையைக் கழற்றிவிட்டு இதனைப் பொருத்துவது இதனால்தான். நாளடைவில் நார் எரிந்தும் சிதைந்தும் போவதால், பொருத்திய நாளைவிடப் பின்னாளில் ஒலி மிகும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பழைய வண்டிகள் பலவற்றில் இருபுறக் குழாய்களும் அடியில் ஒன்றாகி ஒரே சைலன்சருக்குச் செல்லும். அவற்றைப் பிரித்துப் புறத்திற்கு ஒரு குழாயாக அமைத்தால், முன்னர்க் கூறிய ஒழுங்கற்ற தாளம் தெளிவாகக் கேட்கும். இரு குழாய்களையும் நடுவே ஒரு குறுக்குக் குழாயால் இணைத்தால் துடிப்புகள் பகிர்ந்துகொள்ளப்பட்டு முரட்டுத்தனம் சற்றே குறையும். குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நன்று என்று எண்ணுவது பிழை. அளவுக்கு மீறிய அகலத்தில் வாயுவின் வேகம் தளர்கிறது. முன்சென்ற துடிப்பு பின்வருவதை இழுத்துச் செல்லும் நன்மை குறைகிறது. ஒலி பெருகும், வலிமை பெருகாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. நெடுஞ்சாலையில் நிமிடத்திற்கு 1,800 சுழற்சியில் ஓடும் வி-8 நொடிக்கு 120 துடிப்புகளை எழுப்புகிறது. ஓட்டுநர் அறையும் அதற்கேற்ப ஒத்ததிர்ந்தால், காதை அடைக்கும் ரீங்காரம் மணிக்கணக்கில் தொடரும். இதற்கு மருந்து இயற்பியலிலேயே இருக்கிறது. ஒரு முனை மூடிய கிளைக்குழாய் ஒன்றை, கால் அலைநீளம் இருக்குமாறு பக்கவாட்டில் பொருத்தினால், உள்ளே சென்று திரும்பும் அலை அரை அலைநீளம் பின்தங்கி வந்து, ரீங்காரத்தை அழித்துவிடும். சூடான புகையில் ஒலி நொடிக்கு 500 மீட்டருக்கு மேல் விரைவதால், இங்கே வேண்டிய நீளம் ஏறத்தாழ 1 மீட்டர்.

இனி எச்சரிக்கைக்கு வருவோம். பழைய எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு மிகுதி. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட அதனை 200 மடங்குக்கும் மேலாகப் பற்றிக்கொள்ளும். குழாயை ஓட்டுநர் அறைக்கு அடியிலேயே முடித்துவிடுவதும், இணைப்புகளில் கசிவு விடுவதும் உறக்கத்தில் உயிரைப் பறிக்கக் கூடிய செயல்கள். குழாயின் வாய் அறையைக் கடந்து வெளியே திறக்க வேண்டும். எரிபொருள் குழாயும் தடைக்குழாயும் வெப்பத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். 1975-ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் அமெரிக்கக் கார்களில் பரவிய வினையூக்கி மாற்றி, நச்சு வாயுக்களைத் தணிக்கும் உறுப்பு. அது அமைந்த வண்டியில் அதனைக் கழற்றுவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

காதைப் பற்றியும் ஒரு சொல். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்கு மேல் கேட்பது தீது என்பது தொழில்நல அறிஞர் கண்ட வரம்பு. 3 டெசிபெல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகிறது. ஆதலின் 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி என்று காலம் பாதி பாதியாகக் குறைகிறது. உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. கலிபோர்னியா மாநிலம் 6,000 பவுண்டுக்குக் குறைந்த மொத்த எடையுள்ள வண்டிகளின் புகைக்குழாய் ஒலிக்கு, உரிய சோதனை முறையில் 95 டெசிபெல் என்று எல்லை வகுத்திருக்கிறது.

ஓட்டுபவர் ஒருவர்; அவ்வொலியைக் கேட்பவரோ தெரு முழுவதும் இருப்பவர். அவர்களுள் நோயாளி உண்டு, தொட்டிற்குழந்தை உண்டு, இரவுப்பணி முடித்து உறங்கும் தொழிலாளி உண்டு. இசைவாணர் தம் குரலின் எல்லையை அறிந்து பாடுவதுபோல, எஞ்சினின் குரலையும் எல்லை அறிந்து அமைக்கலாம். அதற்கு வேண்டுவது அழுத்தத் துடிப்பையும் அலைநீளத்தையும் பற்றிய தெளிவு. அதனோடு, அடுத்த வீட்டாரை எண்ணிப் பார்க்கும் மனமும் வேண்டும்.