கொடுக்கல் வாங்கலும் சமூகப் பிணைப்பும்

மாணவர்களே, "மனிதர்களுக்கிடையிலான உறவுகள் எவ்வாறு நிலைபெறுகின்றன என்பதை விளக்குக" என்ற வகையான வினாவுக்கு நீங்கள் எழுதும் விடைகளில் பெரும்பாலானவை ஒரேமாதிரி இருக்கின்றன. அன்பு, புரிந்துணர்வு, விட்டுக்கொடுப்பு, சகிப்புத்தன்மை என நான்கு சொற்களை எழுதி, அவற்றைச் சுற்றி ஒரு பக்கத்தை நிரப்பிவிடுகிறீர்கள். அவை பிழையல்ல. ஆனால் வினாவில் "எவ்வாறு" என்ற சொல் இருக்கிறது. அந்த அன்பு எதனால் உண்டாகிறது, நாளடைவில் தேயாமல் எது அதைக் காக்கிறது என்று கூறாத விடைக்கு முழுப்புள்ளி எதிர்பார்க்க முடியாது.

இதனை விளக்குவதற்கு மிகவும் பயன்படும் எண்ணக்கரு, பரஸ்பரக் கொடுக்கல் வாங்கல் என்பதாகும். உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குவோம். தைப்பொங்கலன்று அயல்வீட்டுக்குப் பொங்கல் கொடுத்தனுப்புகிறோம். அப்பாத்திரத்தை அவர்கள் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. சில நாட்கள் கழித்து வாழைப்பழமோ முருங்கைக்காயோ வைத்துத் தருவார்கள். முஸ்லிம் அயலவராயின் பெருநாளன்று வட்டிலப்பம் வரும். இங்கே திரும்பி வருவது அதே பொருளுமல்ல, அதே பெறுமதியுமல்ல, உடனே வருவதுமில்லை. பொங்கல் கிடைத்த அரை மணித்தியாலத்தில் அவர்கள் நூறு ரூபாவை நீட்டினால் என்னவாகும்? உங்கள் அம்மாவுக்குக் கோபம் வரும். கணக்கைத் தீர்ப்பது உறவை முடித்துக்கொள்வதாகவே எடுத்துக்கொள்ளப்படும். கடையில் சாமான் வாங்கி மீதிக்காசைப் பெறுவதற்கும் இதற்குமுள்ள வேறுபாட்டை நன்கு மனதிற் கொள்க.

பிரான்சிய அறிஞர் மார்சல் மோஸ் அன்பளிப்புப் பற்றி 1925 இல் வெளியான தமது நூலில் இதனை ஆராய்ந்தார். கொடுக்க வேண்டிய கடப்பாடு, பெற்றுக்கொள்ள வேண்டிய கடப்பாடு, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடப்பாடு என மூன்றை அவர் எடுத்துக்காட்டினார். இவற்றுள் மாணவர்கள் வழக்கமாக மறந்துவிடுவது இரண்டாவதையே. கொடுத்ததை வாங்க மறுப்பது, "உம்மோடு எனக்கு உறவு வேண்டாம்" என்று சொல்வதற்குச் சமமாகக் கருதப்படும்.

மோஸ் பயன்படுத்திய சான்றுகளுள் ஒன்று, பப்புவா நியூகினியைச் சேர்ந்த ரொப்பிரியாண்ட் தீவுகளில் வாழ்ந்து ஆராய்ந்த மலினோவ்ஸ்கி 1922 இல் விபரித்த "கூலா" முறையாகும். (நாட்கூலி என எண்ணிவிட வேண்டாம். அது அம்மக்களின் மொழிச்சொல்.) அங்கு தீவுகளுக்கிடையே சிவப்புச் சிப்பி மாலைகள் மணிக்கூட்டு முள் சுற்றும் திசையிலும், வெண்சிப்பிக் காப்புகள் அதற்கு எதிர்த்திசையிலும் கைமாறிச் செல்லும். இவற்றைப் பெறுவதற்காக வள்ளங்களில் ஆபத்தான கடற்பயணம் செய்வர். பெற்றதை எவரும் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. சில காலத்தின் பின் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பேரம் பேசுவது இழிவு. அப்படியாயின் இலாபம் என்ன? மறுதீவில் வாழ்நாள் முழுவதற்கும் ஒரு பங்காளி கிடைக்கிறான். அந்நிய கரையில் இறங்கும்போது உணவும் பாதுகாப்பும் தருபவன் அவனே.

மார்ஷல் சாலின்ஸ் என்பவர் கொடுக்கல் வாங்கலை மூன்றாக வகுத்தார். தாய் பிள்ளைக்குச் செய்வது போலக் கணக்குப் பாராதது பொதுமைப்பட்டது. ஏறத்தாழச் சமமாகத் திரும்புவது சமநிலையானது. ஒருவர் மற்றவரை ஏய்த்துப் பெற முயல்வது எதிர்மறையானது. சிங்களக் கிராமங்களில் வயல்வேலைக்கு ஆள்மாறி உதவும் "அத்தம்" முறையை இரண்டாவதற்கு உதாரணமாக எழுதலாம். உறவின் நெருக்கம் குறையக் குறையக் கணக்குப் பார்ப்பது கூடும் என்பதையும் சேர்த்தெழுதுக.

பெற மட்டுமே முடிந்தவரின் நிலை என்ன? திருப்பிக் கொடுக்கப்படாத அன்பளிப்பு, பெற்றவரைத் தாழ்த்திவிடும் என்பது மோஸின் கருத்து. 2004 சுனாமியின் பின்னர் ஒரு முகாமில் படிவங்கள் நிரப்பிக்கொடுக்கச் சென்றோம். எனக்கு அப்போது உங்கள் வயது. எல்லாவற்றையும் இழந்த ஓர் அம்மா, நிவாரணமாகக் கிடைத்த சீனியில் எமக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். "உங்களுக்கே காணாது, வேண்டாம் அம்மா" என்றோம். அவருடைய முகம் வாடிவிட்டது. நாம் செய்தது இரக்கமென்றே எண்ணியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் மோஸைப் படித்தபோதுதான், அன்று அவரிடமிருந்து எதனைப் பறித்தோம் என்பது விளங்கியது. இத்தகைய சொந்த அனுபவமொன்றை விடையில் இரண்டு வரிகளில் சேர்ப்பதில் தவறில்லை. கதையாக நீட்டிவிடாதீர்கள்.

பயிற்சி: உங்கள் ஊரின் மரண உதவிச் சங்கம், சீட்டு, கலியாணவீட்டு அன்பளிப்பு ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்க. அதில் யார் யாருக்குக் கொடுக்கிறார், அது எப்போது எவ்வடிவில் திரும்புகிறது, திரும்பாவிடின் என்ன நேரும் என்பவற்றை ஒரு பக்கத்தில் விளக்குக. எழுதுமுன் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டறிக.