கைக்கடிகாரம் சொல்லும் கணக்கு: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த திறன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு காலையில் நடக்கும் பெரியவர்களை இப்போது தோட்டத்துப் பாதைகளிலும் பட்டணத்துப் பூங்காக்களிலும் பார்க்க முடிகிறது. சிங்கப்பூரில் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015-இல் தொடங்கிய நடைச் சவாலின் வழி, காலடிகளை எண்ணும் கருவி பலருக்கு இலவசமாகவே கிடைத்தது. ஆனால், அந்தச் சின்னத் திரையில் தெரியும் எண்கள் எல்லாம் ஒரே அளவு நம்பகமானவை அல்ல.

கடிகாரத்துக்குள் அசைவை உணரும் சில்லு ஒன்று உள்ளது. மேல்-கீழ், முன்-பின், இட-வலம் என மூன்று திசைகளிலும் கை எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை அது ஒரு விநாடியில் பல முறை அளக்கிறது. நாம் நடக்கும்போது கை ஒரே தாளத்தில் வீசுகிறது. அந்தத் தாளத்தைக் கண்டுகொண்டே கருவி காலடியை எண்ணுகிறது. அதாவது, அது காலைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறது.

அதனால்தான் சில நேரங்களில் கணக்கு பிசகுகிறது. செம்பனைக் குலைகளைத் தள்ளுவண்டியில் தள்ளிச் செல்பவரின் கை வீசாது. பேரங்காடியில் வண்டி தள்ளுபவருக்கும் அதே நிலைதான். நடந்தது அதிகம், கடிகாரம் காட்டுவது குறைவு. மாறாக, மேடுபள்ளமான சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் நடக்காமலேயே சில காலடிகள் கூடிவிடலாம்.

கடிகாரத்தின் அடியில் மினுக்கும் பச்சை ஒளி இதயத் துடிப்பை அளக்கிறது. இரத்தம் பச்சை ஒளியை உள்வாங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இரத்த ஓட்டம் மாறுவதால், திரும்பி வரும் ஒளியின் அளவும் மாறுகிறது. வார் தளர்வாக இருந்தால் இந்த அளவு தவறக்கூடும்.

2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 7 கருவிகளைச் சோதித்தது. அவற்றில் 6 கருவிகள் இதயத் துடிப்பை 5 விழுக்காட்டுக்குட்பட்ட பிழையோடு காட்டின. ஆனால், எரிந்த கலோரியை எந்தக் கருவியும் சரியாகச் சொல்லவில்லை. சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது. ஆகவே, "300 கலோரி எரிந்தது" என்று கடிகாரம் காட்டுவதை நம்பி இன்னொரு ரொட்டி சானாய் சாப்பிட வேண்டாம்.

நாளுக்கு 10,000 காலடி என்பதும் மருத்துவர்கள் வகுத்த விதி அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து அது பரவியது. 2019-இல் வெளியான ஆய்வில், சராசரி வயது 72 கொண்ட சுமார் 16,700 பெண்களிடையே, நாளுக்கு 4,400 காலடி நடந்தவர்களுக்கே 2,700 காலடி நடந்தவர்களைவிட இறப்பு அபாயம் குறைந்திருந்தது. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. 10,000-ஐ எட்ட முடியாத பாட்டி சோர்ந்துபோகத் தேவையில்லை.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஊசி குத்தாமல் இரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் என்று கூறி மலிவான கடிகாரங்கள் இணையத்தில் விற்கப்படுகின்றன. தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கோ மோதிரத்துக்கோ தான் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை உணரிகள் வேறு; அவற்றின் மெல்லிய இழை தோலுக்குள் செல்கிறது.

மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. மற்ற இனத்தவரைக் காட்டிலும் இந்தியர்களிடையே இது அதிகம். பொய்யான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினாலோ மாத்திரையை நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து. சர்க்கரைக்கு விரல் நுனிச் சோதனையும் கிளினிக்கில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையும்தான் கணக்கு.

அப்படியானால் கடிகாரம் எதற்கு? நேற்றைய நடையோடு இன்றைய நடையை ஒப்பிடுவதற்கு. முதல் வாரம் வழக்கம்போல் நடந்து சராசரியைப் பாருங்கள். அடுத்த வாரம் 500 காலடி கூட்டுங்கள். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ திரையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.