கிதாரின் இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

நெருப்பெரிச்சல் போன்ற பனியன் தொழில் ஊரில் எலக்ட்ரிக் கிதாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினால், தந்தியை மீட்டும் முன்பே ஓர் இரைச்சல் கேட்கலாம். சுற்றிலும் ஓடும் மோட்டார்களும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் எழுப்பும் காந்த அலைகளை தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் சுருள் பிடித்துக்கொள்கிறது. இதை அடக்கவே 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கினார்.

தந்தியைத் தொட்டதும் இரைச்சல் தணிந்தால் அது இயல்பு. தணியவே இல்லையென்றால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கலாம்.

சத்தம் விட்டுவிட்டு வருகிறதா? முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். அடுத்து, அடிக்கடி சொருகிப் பிடுங்கும் ஜாக்கில் ஒயர் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிக்கப்பைத் தனியாக மல்டிமீட்டரில் அளக்கும்போது அளவே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கலாம்.

கிதாருக்குள் விட்டுப்போன ஒயரைப் பற்றவைப்பதைத் துணிந்து கற்கலாம். ஆம்ப்ளிஃபயரை மட்டும் திறக்காதீர்கள்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கலாம்.