மணி அடித்தால் மட்டும் போதுமா?

நான் இரண்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த சமயம். காலை எட்டு மணி விரிவுரைக்கு நேரமாகிவிட்டது. கிளமெண்டியில் இருக்கும் எங்கள் புளோக்கிலிருந்து வளாகத்துக்கு மிதிவண்டியில் கால் மணி நேரத்தில் போய்விடலாம். பேருந்துக்குக் காத்திருந்தால் அந்த உத்தரவாதம் இல்லை. நடைபாதையில் எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி மெதுவாக நடந்துகொண்டிருந்தார். அவரை நெருங்கியதும் மணி அடித்தேன். அவர் திடுக்கிட்டு வலப்பக்கம் ஒதுங்கினார். அவரை முந்துவதற்காக நானும் வலப்பக்கம்தான் திரும்பியிருந்தேன்.

இரண்டு பிரேக்கையும் ஒருசேரப் பிடித்தேன். ஆனாலும் வண்டியின் கைப்பிடி அவர் முழங்கையில் இடித்துவிட்டது. கையை ஊன்றியபடி கீழே விழுந்தார். பதறிப்போய் வண்டியைப் போட்டுவிட்டு அவரைத் தூக்கி உட்கார வைத்தேன். மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. "மன்னிச்சிடுங்க பாட்டி, மணி அடிச்சேனே" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"மணி அடிச்சே, சரி. நான் எந்தப் பக்கம் ஒதுங்குறது தம்பி?"

அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான், கொஞ்சம் தாமதமாக. நம்மில் பலர் வளாகத்துக்கும் வேலைக்கும் மிதிவண்டியில் செல்கிறோம். மற்றவர்கள் நடந்து செல்லும்போது மிதிவண்டிகளைத் திட்டிக்கொண்டே செல்கிறோம்! ஆக, இது நம் எல்லோருக்கும் உரிய விஷயம்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது?

நடைபாதையில் மிதிவண்டி ஓட்டுவது சிங்கப்பூரில் நெடுங்காலம் சட்டவிரோதமாகவே இருந்தது. தெம்பனிஸ் வட்டாரத்தில் 2007இல் ஒரு சோதனை முயற்சி தொடங்கி, 2010இல் அங்கு மட்டும் அது சட்டபூர்வமாக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் பொருந்தும் ஆக்டிவ் மொபிலிட்டி சட்டம் 2017 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

தொடக்கத்தில் நடைபாதைகளில் வேக வரம்பு மணிக்கு 15 கிலோமீட்டர். 2019 பிப்ரவரி முதல் அது 10 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. மிதிவண்டிப் பாதைகளிலும் பூங்கா இணைப்புப் பாதைகளிலும் 25 கிலோமீட்டர் வரை செல்லலாம். சாலையைக் கடக்கும் இடங்களில் நின்று, இருபுறமும் பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்ற விதியும், சாலையில் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதியும் அதே 2019இல்தான் வந்தன. மின்ஸ்கூட்டர்கள் அந்த ஆண்டு நவம்பரில் நடைபாதைகளிலிருந்து அறவே தடை செய்யப்பட்டன.

கடைசியாக வந்த பெரிய மாற்றம் 2025 ஜூலை முதல் தேதி நடப்புக்கு வந்தது. மிதிவண்டிப் பாதைக்குப் பக்கத்திலேயே செல்லும் நடைபாதைகள் இப்போது பாதசாரிகளுக்கு மட்டுமே உரியவை. அங்கே வண்டி ஓட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வெளிர்நிறத் தரையில் நடப்பவர்கள், சிவப்புத் தரையில் மிதிவண்டிகள் என்று மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. தனி மிதிவண்டிப் பாதை இல்லாத இடங்களில் மட்டும் நாம் இன்னமும் நடைபாதையைப் பகிர்ந்துகொள்கிறோம்.

பகிர்ந்துகொள்கிறோம் என்றாலும், நாம் அங்கே விருந்தாளிகள்தான். நடப்பவர்கள்தாம் வீட்டுக்காரர்கள். இதை மறப்பதில்தான் பாதிச் சண்டைகள் தொடங்குகின்றன.

மணியின் கணக்கு

பாட்டியின் கேள்விக்கு வருவோம். சாதாரணமாக நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் மிதிவண்டி 25 கிலோமீட்டரில் வந்தால், இருவருக்கும் இடையிலான தொலைவு ஒரு விநாடிக்கு ஐந்தரை மீட்டர் வீதம் குறைகிறது. ஐந்து மீட்டர் தொலைவில் மணி அடித்தால் நடப்பவருக்கு ஒரு விநாடிகூடக் கிடைப்பதில்லை. அந்த ஒரு விநாடிக்குள் அவர் ஓசையைக் கேட்டு, அது மிதிவண்டி மணி என்று உணர்ந்து, அது எந்தப் பக்கம் வருகிறது என்று முடிவு செய்து, காலை நகர்த்த வேண்டும். இளைஞர்களுக்கே இது கடினம். எழுபது வயதில் எப்படி முடியும்?

இப்போது வேகத்தை 10 கிலோமீட்டருக்குக் குறைத்துவிட்டு, பத்து மீட்டர் தொலைவில் மணி அடித்துப் பாருங்கள். அவருக்கு ஏறத்தாழ ஏழு விநாடிகள் கிடைக்கும். திரும்பிப் பார்க்கலாம், நிதானமாக ஒதுங்கலாம், ஒதுங்காமலே நேராகவும் நடக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 25 கிலோமீட்டரில் மோதும் வண்டியின் தாக்கம், 10 கிலோமீட்டரில் மோதுவதைப் போல ஆறு மடங்குக்கும் அதிகம். பள்ளியில் படித்த இயற்பியல் நடைபாதையிலும் செல்லுபடியாகும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில் வேகத்தைக் குறையுங்கள். பிறகு தொலைவிலிருந்தே ஒருமுறை, ஒரே ஒருமுறை, மணி அடியுங்கள். நெருங்கியதும் வாய் திறந்து, "வலப்பக்கம் வருகிறேன்" என்று சொல்லுங்கள். மணி "நான் வருகிறேன்" என்பதை மட்டுமே சொல்லும். எந்தப் பக்கம் வருகிறோம் என்பதை வாய்தான் சொல்ல வேண்டும். அவர் காதில் ஒலிவாங்கி மாட்டியிருந்தால், நாயைக் கயிற்றில் பிடித்திருந்தால், கையில் சிறு குழந்தை இருந்தால், இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே உத்தமம். அதனால் இழப்பது பத்து விநாடி மட்டுமே.

சின்னச் சின்ன எரிச்சல்கள்

மிதிவண்டியோட்டிகள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் தொல்லைகளும் குறைவல்ல. நாள்தோறும் சென்று வருபவர்களுக்கு இவை நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஒருவர் ஓசையே இல்லாமல் பின்னாலிருந்து வந்து, உங்கள் தோளை உரசுவதுபோல முந்திச் செல்வார். இன்னொருவர் போக்குவரத்து விளக்கில் வரிசையாகக் காத்திருப்பவர்களை எல்லாம் தாண்டி முன்னால் போய் நிற்பார். பச்சை விழுந்ததும் ஆமை வேகத்தில் கிளம்புவார்! பின்னால் நின்ற அத்தனை பேரும் அவரை மறுபடியும் முந்த வேண்டும். பூங்கா இணைப்புப் பாதையில் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பின்சக்கரத்தை ஒட்டியே வருவார். காற்றின் எதிர்ப்பு அவருக்குக் குறையும். நீங்கள் திடீரென பிரேக் பிடித்தால் இருவரும் தரையில் கிடப்பீர்கள்.

கண்ணைப் பறிக்கும் முன்விளக்கும் ஒரு பெரிய தொல்லை. விளக்கு சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். எதிரில் வருபவரின் முகத்துக்கு நேராக மினுக்கிக்கொண்டிருந்தால், அவருக்கு நீங்களும் தெரியமாட்டீர்கள், பாதையும் தெரியாது. ஒலிபெருக்கியில் பழைய பாட்டுகளைப் போட்டுக்கொண்டு உலா வரும் அங்கிள்மார்களை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர்கள் வருவது அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது!

சாலையில் இறங்கினால்

நடைபாதையில் நாம் வலியவர்கள், சாலையில் எளியவர்கள். லாரி ஓட்டுநர்மீது நமக்கு என்ன எரிச்சல் வருகிறதோ, அதே எரிச்சல்தான் பாட்டிக்கு நம்மீது வருகிறது.

சாலையில் ஓட்டுபவர்களுக்கு ஒரு பெரிய ஆபத்து இடப்பக்கம் திரும்பும் வாகனம். கிளமெண்டி சாலையிலிருந்து ஆயர் ராஜா விரைவுச்சாலைக்குப் பிரியும் கிளைச்சாலை போன்ற இடங்களில், நேராகச் செல்லும் மிதிவண்டியை முந்திய கையோடு வாகனங்கள் இடப்பக்கம் வெட்டித் திரும்புகின்றன. லாரிக்கும் பேருந்துக்கும் இடப்பக்கத்தில் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத பகுதி உண்டு. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்களையும் அவருக்குத் தெரியாது. சிவப்பு விளக்கில் நிற்கும் லாரியின் இடப்பக்கமாக நுழைந்து முன்னேறும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். அதன் பின்னால் நிற்பது அவமானம் அல்ல.

2022 ஜனவரி முதல் சாலையில் குழுவாகச் செல்வோருக்கு வரம்பு உண்டு. ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இருவர் இருவராகச் சென்றால் பத்துப் பேர். ஒரே திசையில் இரண்டு தடங்களாவது இருக்கும் சாலைகளில் மட்டுமே இருவர் இணையாகச் செல்லலாம். குழுவுக்கும் குழுவுக்கும் இடையே இரண்டு விளக்குக் கம்பங்களின் இடைவெளி, அதாவது சுமார் 30 மீட்டர், இருப்பது நல்லது என்று அறிவுறுத்தப்படுகிறது. வாகனமோட்டிகள் மிதிவண்டியை முந்தும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதும் அத்தகைய அறிவுறுத்தல்தான்.

ஏன் ஒன்றரை மீட்டர்? மிதிவண்டி எப்போதும் நேர்கோட்டில் செல்வதில்லை. ஓரத்தில் வடிகால் மூடி இருக்கும், மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும், நிறுத்தி வைத்த காரின் கதவு திடீரெனத் திறக்கும். அப்போது ஓட்டுபவர் அரை மீட்டர் விலகித்தான் ஆகவேண்டும். இதைப் படிக்கும் முன்னாள் மாணவர்களில் பலர் இன்று கார் ஓட்டுபவர்களாக இருப்பீர்கள். மிதிவண்டிக்குப் பின்னால் வந்து ஹார்ன் அடிக்கும்முன், அவருக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

விளக்கில்லாத வண்டிகள்

துவாஸ் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் இரவில் சென்றவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வேலை முடிந்து தங்கும் விடுதிக்குத் திரும்பும் ஊழியர்கள் மிதிவண்டியில் செல்வார்கள். அவர்களில் தமிழகத்திலிருந்து வந்த நம் சகோதரர்களும் உண்டு. பலர் வண்டியில் விளக்கு இருப்பதில்லை. சிலர் போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் வருவார்கள். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கோ சிவப்புப் பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும் என்பது விதி. எதிர்த்திசையில் ஓட்டுவது குற்றம். எதிரே வரும் வண்டியின் வேகமும் நம் வேகமும் கூடிவிடுவதால், தப்பிக்கக் கிடைக்கும் நேரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆனால் விதியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அது பண்பாடு ஆகாது. பின்விளக்கு ஒன்று சில வெள்ளிக்குள் கிடைக்கிறது. நம் சங்கங்கள் ஊழியர்களுக்காகப் பொங்கல் நிகழ்ச்சி நடத்துகின்றன, இனிப்புப் பொட்டலம் கொடுக்கின்றன. அந்தப் பொட்டலத்தோடு ஒரு சிவப்பு விளக்கையும், தமிழில் அச்சிட்ட நான்கு வரி விளக்கத்தையும் சேர்த்தால் என்ன? ஓர் உயிரைக் காப்பாற்ற அதைவிட மலிவான வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நிறுத்துவதிலும் நாகரிகம்

வாடகை மிதிவண்டிகள் 2017இல் இங்கே பெருகியபோது, மின்தூக்கி வாசலிலும் புல்தரையிலும் வடிகாலிலும்கூட அவை கிடந்தன. மறு ஆண்டு உரிமமுறை வந்தது. 2019 முதல், உரிய நிறுத்துமிடத்தில் இருக்கும் கியூஆர் குறியீட்டை வருடினால்தான் பயணம் முடியும் என்ற ஏற்பாடு வந்தது. சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கோ அந்தக் குறியீடு இல்லை; மனசாட்சி மட்டும்தான் உண்டு. சக்கர நாற்காலி ஏறும் சரிவின் கைப்பிடியில் வண்டியைப் பூட்டுவதும், பார்வையற்றோருக்காகத் தரையில் பதித்த மேடுபள்ளக் கற்களின் மேல் நிறுத்துவதும் நமக்குச் சிறிய வசதி. இன்னொருவருக்கு அன்றைய பயணமே நின்றுபோகும்.

மடக்கு மிதிவண்டிகளை எம்.ஆர்.டி.யில் எந்த நேரத்திலும் கொண்டுசெல்ல 2017இல் நிரந்தர அனுமதி கிடைத்தது. மடக்கிய நிலையில் 120, 70, 40 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். மேடையிலும் ரயிலிலும் மடித்தே வைத்திருக்க வேண்டும். சங்கிலியின் எண்ணெய் பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைக் காற்சட்டையில் படாமல் பார்த்துக்கொள்வது சட்டத்தில் இல்லை, ஆனாலும் அவசியம்!

பாட்டிக்கு ஒரு பதில்

அன்று பாட்டியை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். விரிவுரைக்குப் போகவில்லை. எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று பிறகு தெரிந்து நிம்மதி அடைந்தேன். ஆனால் சில வாரங்கள் கழித்து அவரைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கண்டபோது, கல் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். "நடக்கப் போகலையா பாட்டி?" என்று கேட்டேன். "மருமக வேணாம்னு சொல்லிட்டா தம்பி. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். தினமும் காலையில் சந்தை வரை நடந்து, தோழிகளோடு கோப்பி குடித்துவிட்டுத் திரும்பியவர் அவர். நான் மிச்சப்படுத்த நினைத்தது இரண்டு நிமிடம். அதற்கு அவர் கொடுத்தது அந்தக் காலைப் பொழுதுகள்.

சிங்கப்பூரின் மிதிவண்டிப் பாதைகளை 2030க்குள் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டராக நீட்டிக்கத் திட்டம் இருக்கிறது. பாதைகள் வரட்டும், நல்லதுதான். ஆனால் எந்தப் பாதையும் நம் புளோக்கின் வாசலில் தொடங்கி விரிவுரை மண்டபத்தின் வாசலில் முடியப்போவதில்லை. எங்கோ ஓரிடத்தில் நாம் இன்னொருவரின் நடைபாதையில் ஏறித்தான் ஆகவேண்டும். அந்த இடத்தில் நம்மைக் கண்டு யாரும் பயப்படாமல் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

நண்பர்களே, நாளை காலை நேரமாகிவிட்டது என்று பெடலை அழுத்தும்போது, முன்னால் நடப்பவரைச் சற்றே கவனியுங்கள். வேகத்தைக் குறையுங்கள். மணியை ஒருமுறை அடியுங்கள். பிறகு, "வலப்பக்கம் வர்றேன் பாட்டி, நீங்க அப்படியே நடங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். விரிவுரை எப்படியும் ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் தொடங்கும்.