நிலக்கரி எண்ணெயில் வினையூக்கி செயலிழப்பது ஏன்?

இரண்டு வகை வினையூக்கி மணிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்: இடப்புறம் புதியவை. வலப்புறம், பயன்படுத்திக் கறுத்துப்போனவை. இரண்டுமே அலுமினாவின் மேல் நிக்கலும் மாலிப்டினமும் ஏற்றியவை. எண்ணெயோடு ஹைட்ரஜனைச் சேர்க்கும் வினை பெரும்பாலும் நடப்பது மணிக்குள் ஓடும் நுண்துளைகளின் சுவர்களில். ஒரே ஒரு கிராமுக்குள் நூறு சதுர மீட்டருக்கும் அதிகமான பரப்பு அடங்கியிருக்கிறது என்பது வியப்புக்குரியது.

நிலக்கரியிலிருந்து பெறும் எண்ணெயில் பல வளையங்கள் கொண்ட பெரிய மூலக்கூறுகள் ஏராளம். போதிய ஹைட்ரஜன் கிடைக்காவிட்டால் அவை ஒன்றோடொன்று பிணைந்து, கரியாகப் படிந்து துளைகளை அடைக்கின்றன. இந்தக் கரியை எரித்து நீக்கிவிடலாம். ஆனால் நிலக்கரியிலிருந்தே வந்து படியும் இரும்பு, டைட்டானியம், கால்சியம் ஆகியவை எரித்தாலும் போவதில்லை. மீளாத இழப்பு இதுதான்.

எண்ணெயிலுள்ள நைட்ரஜன் சேர்மங்களின் பாதிப்பு வேறு வகை; இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. ஜெர்மனியின் லொய்னா ஆலை 1927-இல் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் தயாரிக்கத் தொடங்கியது. பின்னாளில் அந்த ஆலையை நடத்திய ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் களிமண்ணில் டங்ஸ்டன் சல்ஃபைடு ஏற்றி, 6434 என்ற எண்ணிட்ட வினையூக்கியை உருவாக்கியது. மூலக்கூறுகளைப் பிளப்பதில் அது திறமையானது. ஆனால் நைட்ரஜன் சேர்மங்கள் அதன் அமில இடங்களைப் பற்றிக்கொண்டு வேலையை முடக்கின. ஆகவே எண்ணெயை முதலில் வேறொரு வினையூக்கியில் செலுத்தி, நைட்ரஜனை அமோனியாவாக்கி நீக்கிய பிறகே 6434-க்கு அனுப்பினார்கள்.