உயரத்திற்கேற்ற மிதிவண்டி

பெண் கல்வி வளர மிதிவண்டி பெருந்துணை புரிந்துள்ளது. 1991-ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினர். லேடீஸ் சைக்கிள் போதாமையால் ஆண்கள் சைக்கிளிலும் பலர் துணிந்து ஏறினர். இன்று அரசு, உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியருக்கு அரசே மிதிவண்டி வழங்குகிறது. ஆனால் வகுப்பில் எல்லோரும் ஒரே உயரமா?

சீட் மிகத் தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகமாக மடங்கி, அதன் முன்புறம் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். முழங்காலின் பின்புறம் இழுக்கும். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தால் தோளும் முதுகும் நோகும்.

சரியான உயரத்தை அறிவது எளிது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் அமருங்கள். ஒரு பெடலை அடிவரை இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும், அதுவே நன்று.

இரு கால்களும் தரையில் நன்கு ஊன்றும்படி சீட்டைத் தாழ்த்துவது பழகுவோர்க்கு ஏற்றது. நன்கு பழகிய பின் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். சீட் கம்பியிலுள்ள எல்லைக்கோடு வெளியே தெரியுமளவு உயர்த்தலாகாது. நாம் வளரும் பருவத்தினர் ஆதலால், ஆண்டுக்கு இருமுறையேனும் சோதித்தல் வேண்டும்.

பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சைக்கிளை நம்பிப் படிக்கும் மாணவியர் பலர். கால் வலியால் சைக்கிளை விடுபவள் நாளடைவில் பள்ளியையும் விட நேரலாம். ஆகவே பெற்றோரே, மகளின் சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது சீட்டின் உயரத்தையும் பாருங்கள். ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிடமும் போதும்.